டர்பன்–சென்னை விமானப் பாதையைப் பங்கு வாங்கியவர் திறந்துவிட மாட்டார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வளைகுடா விமான நிறுவனங்கள் ஆப்பிரிக்க நிறுவனங்களில் பங்கு வாங்குவது குறித்துத் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் அவ்வப்போது வெளியாகும் செய்திகளை டர்பனிலிருந்து தவறாமல் படித்து வருகிறேன். இத்தகைய முதலீடுகளால் இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையிலான பயணம் தானாகவே எளிதாகிவிடும் என்ற நம்பிக்கை அச்செய்திகளில் தொனிக்கிறது. சாட்ஸ்வொர்த்தில் பயண முகவராகத் தொழில் செய்து, தமிழ்நாட்டுக்குச் செல்வோருக்கும் அங்கிருந்து வருவோருக்கும் நாள்தோறும் டிக்கெட் எடுத்துக் கொடுப்பவன் என்ற முறையில், அந்த நம்பிக்கை எங்கள் ஊரைப் பொறுத்தவரை ஏன் பொருந்தவில்லை என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

கத்தார் ஏர்வேஸ் நிறுவனம் தென்னாப்பிரிக்காவின் ஏர்லிங்க் நிறுவனத்தில் 25 விழுக்காட்டுப் பங்கை வாங்குவதாக 2024 ஆகஸ்டில் அறிவித்தது. அந்த 25 என்ற எண் தற்செயலாக அமைந்ததன்று. உள்நாட்டு விமானச் சேவை நடத்தும் நிறுவனத்தின் வாக்குரிமையில் குறைந்தது 75 விழுக்காடு தென்னாப்பிரிக்காவில் வசிப்பவர்களிடம் இருக்க வேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் விமானச் சேவை உரிமச் சட்டம் விதிக்கிறது. எனவே வெளிநாட்டவர் எட்டக்கூடிய உச்ச அளவை கத்தார் ஒரே தாவலில் எட்டிவிட்டது. இந்த வரம்பை இங்கே எவரும் வெறும் ஏட்டுச் சட்டமாகக் கருதுவதில்லை. இங்குள்ள மற்றொரு விமான நிறுவனமான ஃப்ளைசஃபேரின் பங்குடைமை இதற்குள் அடங்குகிறதா என்பதே உரிமம் வழங்கும் அமைப்புகளின் விசாரணைக்கு உள்ளானது.

ஏர்லிங்க் 15 ஆப்பிரிக்க நாடுகளில் 45க்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் பறக்கிறது. அதன் விமானங்கள் பெரும்பாலும் எம்ப்ரேயர் வகையைச் சேர்ந்த சிறிய ஜெட்கள். கடல் கடந்து இந்தியாவுக்கு வரும் தூரம் அவற்றுக்குக் கிடையாது. அப்படியிருக்க, தோஹாவில் உள்ள ஒரு பெரிய நிறுவனம் அதில் ஏன் பணம் போடுகிறது? ரிச்சர்ட்ஸ் பே, பீட்டர்மாரிட்ஸ்பர்க் போன்ற சிறு ஊர்களின் பயணிகளைத் திரட்டி ஜோகன்னஸ்பர்க்கில் தன் பெரிய விமானங்களில் ஏற்றி தோஹாவுக்குக் கொண்டுபோவதற்காகத்தான். தொழில் கணக்கில் இது முற்றிலும் நியாயமானது. ஏர்லிங்கின் கைக்கும் பணம் வருகிறது, சிறு ஊர்க்காரர்களுக்கும் ஒரே டிக்கெட்டில் உலகம் திறக்கிறது. நான் அதைக் குறை கூறவில்லை. ஆனால் பங்கு வாங்கியவர் தன் மையத்தை விட்டு விலகி ஓடும் ஒரு நேரடிப் பாதைக்குத் துணைநிற்பார் என்று எதிர்பார்ப்பதற்கு எந்த முகாந்திரமும் இல்லை.

டர்பனிலிருந்து சென்னைக்கு நேர்க்கோட்டில் சுமார் 7,000 கிலோமீட்டர். எமிரேட்ஸ் 2009 முதல் டர்பனுக்கு வருகிறது. அதன் வழியே துபாய் சென்று சென்னைக்குத் திரும்பினால் ஏறத்தாழ 9,500 கிலோமீட்டர் ஆகிறது. இந்துமாக் கடலை நேராகக் கடக்க வேண்டியவர்கள் அரேபிய வளைகுடா வரை ஏறி இறங்குகிறார்கள். மாலைப் புறப்பாட்டுக்கு டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்தில் நின்று பார்த்தால், டோங்காட்டிலிருந்தும் ஸ்டாங்கரிலிருந்தும் வந்த முதியவர்கள் சக்கர நாற்காலிகளில் வரிசையாக அமர்ந்திருப்பதையும், நள்ளிரவைத் தாண்டி துபாயில் இறங்கி மறு விமானத்துக்குக் காத்திருக்க வேண்டுமே என்று பிள்ளைகள் அவர்களுக்கு மாத்திரை நேரங்களை எழுதிக் கொடுப்பதையும் காணலாம். பம்பாய்க்கும் டர்பனுக்கும் இடையே 1970கள் வரை ஓடிய கராஞ்சா கப்பலை நினைவில் வைத்திருக்கும் தலைமுறை அது.

கூட்டுறவும் பங்குடைமையும் எங்களை எங்கே கொண்டுபோய் விட்டன என்பதற்கு சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸின் வரலாறே சான்று. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து மும்பைக்கு அந்த நிறுவனம் நடத்திவந்த நேரடிச் சேவை 2015 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதற்கு மாற்றாக அபுதாபிக்கு ஒரு புதிய சேவை தொடங்கப்பட்டு, அங்கிருந்து அபுதாபியின் எத்திஹாட் விமானங்களில் கோட்ஷேர் முறையில், அதாவது ஒரு நிறுவனத்தின் டிக்கெட்டிலேயே மற்றொன்றின் விமானத்தில், இந்தியாவுக்குச் செல்லலாம் என்று எங்களைப் போன்ற முகவர்களுக்குச் சொல்லப்பட்டது. எத்திஹாட் ஒரு பங்குகூட வாங்கவில்லை. வெறும் ஒப்பந்தமே பயணியை வளைகுடா மையத்தின் பக்கம் திருப்பப் போதுமானதாக இருந்தது. அந்த அபுதாபி சேவையும் நெடுநாள் நீடிக்கவில்லை. புதிய வழியும் போயிற்று, பழைய நேரடி வழியும் திரும்பி வரவில்லை.

பங்கு விற்பனைகளிலும் அந்நிறுவனம் பட்ட பாடு கொஞ்சமன்று. 1999இல் சுவிஸ்ஏர் அதில் 20 விழுக்காடு வாங்கியது. 2001இல் சுவிஸ்ஏரே வீழ்ந்த பின் அந்தப் பங்கை இங்குள்ள அரசுத் தரப்பே திரும்ப எடுத்துக்கொள்ள நேர்ந்தது. 2002இல் சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸ் தானே ஏர் தான்சானியாவில் 49 விழுக்காடு வாங்கியது. நான்கே ஆண்டுகளில் அந்த உறவும் முறிந்தது. 2019 டிசம்பரில் கடன் சுமையால் மீட்பு நடவடிக்கைக்குள் போய், 2021இல் மீண்டும் பறக்கத் தொடங்கியபோது 51 விழுக்காட்டை உள்நாட்டு டகாட்சோ கூட்டமைப்புக்குக் கொடுப்பதாகப் பேசப்பட்டது. 2024 மார்ச்சில் அமைச்சர் பிரவீன் கோர்தன் அதையும் கைவிடுவதாக அறிவித்தார். ஒவ்வொரு முறையும் யார் எத்தனை விழுக்காடு என்ற பேச்சிலேயே ஆண்டுகள் கழிந்தன. இந்தியப் பாதையைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை என்பது என் மனத்தாங்கல்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு ஜெட் ஏர்வேஸ். 2013இல் எத்திஹாட் அதில் 24 விழுக்காடு வாங்கியபோது, இந்தியாவுக்கும் அபுதாபிக்கும் இடையே அனுமதிக்கப்பட்ட வாராந்திர இருக்கைகள் சுமார் 13,000இலிருந்து 50,000 வரை உயர்த்தப்பட்டன. பங்கின் உண்மையான விலை அந்த இருக்கைகளில்தான் இருந்தது. ஆகவே, ஒரு நிறுவனம் மற்றொன்றில் பங்கு வாங்கிய செய்தி வரும்போது, தொகையையும் விழுக்காட்டையும் மட்டும் பார்க்காமல், இரு நாடுகளுக்கு இடையிலான விமானப் போக்குவரத்து உரிமைகள் அதே சமயத்தில் எப்படி மாறுகின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று தங்கள் செய்தியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நேரடிப் பாதைக்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் ஒன்றே ஒன்றுதான்: பயணிகள் போதாது. இந்த வாதத்தை நான் ஏற்க மறுப்பதற்குக் காரணம் என் மேசையிலேயே இருக்கிறது. கட்டணத்தை மிச்சப்படுத்துவதற்காக எங்கள் மக்களில் பலர் டர்பன்–ஜோகன்னஸ்பர்க்குக்கு ஒரு டிக்கெட்டும், அங்கிருந்து மும்பைக்கோ கொழும்புக்கோ வேறொரு டிக்கெட்டும், கடைசிக் கட்டத்துக்கு மூன்றாவது டிக்கெட்டும் வாங்குகிறார்கள். அப்படி வாங்கும் ஒருவர், டிக்கெட் விவரங்களை வைத்து விமான நிறுவனங்கள் போடும் கணக்கில், டர்பனிலிருந்து சென்னைக்குப் போகிறவராக எங்கும் பதிவாவதில்லை. இரண்டு மூன்று துண்டுகளாக வெட்டப்பட்டு வெவ்வேறு பட்டியல்களில் கரைந்துபோகிறார். சேவை இல்லாததால் பயணி சிதறுகிறார். பயணி சிதறுவதால் தேவை இல்லை என்று முடிவு கட்டப்படுகிறது.

தைப்பூசக் காவடிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த நாதஸ்வரக் குழு ஒன்றுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பன்னாட்டு டிக்கெட் ஜோகன்னஸ்பர்க் வரை; டர்பனுக்கு உள்நாட்டு டிக்கெட் தனியாக எடுக்கப்பட்டிருந்தது. தென்னாப்பிரிக்காவில் முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே பெட்டிகளை எடுத்துச் சுங்கச் சோதனையை முடிக்க வேண்டும். ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால், வெளியே வந்ததும் அதே பெட்டிகளை மறு ஒப்படைப்புக் கவுன்டரில் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். தனி டிக்கெட் என்பதால் அவர்கள் உள்நாட்டுக் கவுன்டரில் முதலிலிருந்து வரிசையில் நின்றார்கள். அங்கே அனுமதிக்கும் எடை பன்னாட்டு அளவைவிடக் குறைவு. இரண்டு தவில்களுக்கும் கூடுதல் கட்டணம் கேட்கப்பட்டது, அதைச் செலுத்த வேறொரு கவுன்டருக்கு அனுப்பப்பட்டார்கள், அதற்குள் போர்டிங் மூடப்பட்டது. புதிய டிக்கெட்டுகளின் செலவைக் கோயில் நிர்வாகம் ஏற்றது. இதில் எந்த ஊழியரும் விதியை மீறவில்லை. இரு நிறுவனங்களுக்கு இடையே ஓர் இன்டர்லைன் ஒப்பந்தத்தின் கீழ் ஒரே டிக்கெட் எடுக்கப்பட்டிருந்தால், இணைப்பு விமானத்தைத் தவறவிட்டவர்களை அடுத்த விமானத்தில் ஏற்றும் பொறுப்பு விமான நிறுவனத்தின் மேல் விழுந்திருக்கும். எடை அளவும் பயணம் முழுவதற்கும் ஒன்றாகவே இருந்திருக்கும்.

ஸ்தபதிகள், குருக்கள், கல்லூரி மாணவர்கள், சிகிச்சைக்காகச் சென்னைக்கும் வேலூருக்கும் போகிறவர்கள், திருமணப் பட்டுக்குக் காஞ்சிபுரம் போகிறவர்கள் என்று இந்தப் போக்குவரத்து ஆண்டு முழுவதும் நடக்கிறது. டிசம்பர் பள்ளி விடுமுறையில் அது பொங்கி வழிகிறது. அப்போது கேட்கப்படும் கட்டணத்தைக் கேட்டுவிட்டுப் பயணத்தையே கைவிடும் குடும்பங்களை நான் ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன்.

விமானம் இருக்கிறதா என்று கேட்கலாம். பத்து ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால், முந்நூறு பேரை ஏற்றும் பெரிய விமானம் வேண்டும், அதை நிரப்ப முடியாது என்ற பதில் நியாயமாக இருந்திருக்கும். இன்று நிலைமை மாறியிருக்கிறது. ஏர்பஸ் ஏ321 எக்ஸ்எல்ஆர் என்ற ஒற்றை நடைபாதை விமானம் 2024 நவம்பரில் ஸ்பெயினின் ஐபீரியா நிறுவனத்தில் சேவைக்கு வந்தது. அதன் அறிவிக்கப்பட்ட பறக்கும் தூரம் 8,700 கிலோமீட்டர், ஏறக்கூடியவர்கள் சுமார் இருநூறு பேர். காற்றின் எதிர்ப்புக்கும் மாற்று நிலைய எரிபொருளுக்கும் கழித்தாலும் டர்பன்–சென்னை தூரம் அதன் எல்லைக்குள் வருகிறது. இதை வாங்க ஒப்பந்தம் செய்தவற்றுள் இண்டிகோவும் ஒன்று. அந்நிறுவனம் 2023இலேயே மும்பையிலிருந்து நைரோபிக்குச் சேவை தொடங்கியது. தவிர, ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே மெல்லிய காற்றில் முழுச் சுமையோடு மேலெழும்புவது கடினம். கிங் ஷாகா விமான நிலையமோ கடலோரத்தில், 3,700 மீட்டர் ஓடுபாதையோடு இருக்கிறது. நீண்ட தூரம் போக வேண்டிய சிறு விமானத்துக்கு இது பெரும் அனுகூலம். இதைப் பற்றி இங்கேயே போதிய அளவு பேசப்படுவதில்லை.

என் கோரிக்கை நேரடிச் சேவையை நாளையே தொடங்குங்கள் என்பதன்று. முதலில், இந்திய நிறுவனம் ஒன்றும் தென்னாப்பிரிக்க நிறுவனம் ஒன்றும் ஜோகன்னஸ்பர்க் வழியாகவோ நைரோபி வழியாகவோ ஒரே டிக்கெட்டில் டர்பனையும் சென்னையையும் இணைக்கும் ஒப்பந்தத்தைச் செய்துகொள்ளட்டும். அந்த ஒரே டிக்கெட்டில் போகிறவர்கள் ஓரிரு ஆண்டுகளில் தாங்களாகவே கணக்கில் தெரிவார்கள். அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு நேரடி விமானங்கள் என்ற பேச்சை எடுத்தால் எந்த நிறுவனத்தின் பாதைத் திட்டப் பிரிவும் கேட்கும். பங்கு வாங்க வேண்டிய அவசியமே இதில் இல்லை. 25 விழுக்காட்டு வரம்பும் குறுக்கே வராது.

க்வாசூலு-நட்டால் மாகாணம் வெளிநாட்டு விமானச் சேவைகளைத் தன் ஊருக்கு ஈர்ப்பதில் ஆர்வம் காட்டுகிறது. தமிழ்நாடு அரசும் சென்னையிலிருந்து புதிய பன்னாட்டுச் சேவைகள் வேண்டும் என்று ஒன்றிய அரசிடம் கேட்டு வருகிறது.  1860இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ட்ரூரோ கப்பலில் புறப்பட்டவர்களின் சந்ததியார் வாழும் டர்பனையும் அடுத்த முறை அந்தக் கோரிக்கையில் எழுத்து வடிவில் சேர்க்குமாறு தமிழ்நாடு அரசையும், சேர்க்கப்பட்டதா என்று கேட்டு வெளியிடுமாறு தங்களையும் வேண்டிக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் கோயில் நிர்வாகங்களிடமும் முகவர்களிடமும் உள்ள பயண விவரங்களைப் பெயர்களை நீக்கித் திரட்டித் தருவதற்கு நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்,
தென்னாப்பிரிக்கா.