புல்வெட்டி வண்டிக்கு எல்.இ.டி. மாட்டும் முன் வயரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், மினி டிராக்டருக்கும் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டிக்கும் எல்.இ.டி. விளக்கு மாட்டுவது பற்றி நாலு வரிக் குறிப்பு போட்டிருந்தீர்கள். பழைய பல்பைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் எல்.இ.டி. பல்பைச் செருகினால் போதும் என்று முடித்திருந்தது. போதாது சார். அப்படியே செய்து இரண்டு ஜோடி பல்புக்கும் ஒரு பேட்டரிக்கும் தண்டம் அழுதவன் என்பதால் எழுதுகிறேன்.

புதுமடம் பக்கம் கடலை ஒட்டிய ஒரு தென்னந்தோப்பையும் அதற்குள் இருக்கும் விருந்தினர் வீட்டையும் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் கத்தாரில் ஒன்பது வருஷம் புல்தரை பராமரிப்பு வேலை. அங்கே வெயிலுக்குப் பயந்து விடிவதற்கு முன்பே விளக்கைப் போட்டுக்கொண்டு வெட்ட ஆரம்பித்துவிடுவோம். இங்கேயும் கிட்டத்தட்ட அதே கதைதான், கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பகலில் வண்டியில் ஏறினால் வெயில் ஒரு பக்கம், கண்ணில் மணல் ஒரு பக்கம். விடியற்காலையில் வெட்டலாம் என்றால் பனியில் நனைந்த புல் பிளேடுக்கு அடியில் களி மாதிரி ஒட்டிக்கொள்கிறது. ஆகவே பொழுது சாய்ந்த பிறகு ஒன்றரை மணி நேரம், அதுதான் எனக்குத் தோதான நேரம். வண்டியோடு வந்த பழைய பல்பு வெளிச்சத்தில் விழுந்து கிடக்கிற தென்னை மட்டையே தெரியாது, கட்டுவிரியன் எங்கே தெரியப்போகிறது?

சரி, எல்.இ.டி. போடலாம் என்று ராமநாதபுரத்தில் ஒரு கடையில் வாங்கிவந்து செருகினேன். எரிந்தது, ஆனால் வெளிச்சம் நடுங்கிக்கொண்டே இருந்தது. இரண்டாவது நாள் ராத்திரி ஆக்சிலேட்டரை முழுசாக ஏற்றியதும் ஒன்று போனது, கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் போனது. கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார், அதுவும் போனது. "உப்புக்காத்துண்ணே, எதுவும் நிக்காது" என்றார். உப்புக்காற்றின் மேல் பழி போடுவது எங்கள் ஊரில் ரொம்ப சுலபம்.

உண்மையில் தப்பு வயரில் இருந்தது. இந்த மாதிரி வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்குக் கரண்ட் பேட்டரியில் இருந்து வருவதில்லை, இன்ஜினோடு சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்துக்குக் கீழே கரண்ட் உண்டாக்கும் காயிலில் இருந்து நேராக ஏ.சி.யாக, அதாவது திசை மாறி மாறி ஓடும் கரண்ட்டாக, வருகிறது. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் இன்ஜின்களில் டூயல் சர்க்யூட் என்று ஒரு வகை உண்டு. அதில் ஒரு வயர், கரண்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடு வழியாக 3 ஆம்பியர் டி.சி.யை, அதாவது ஒரே திசையில் ஓடும் கரண்ட்டை, பேட்டரி சார்ஜுக்குக் கொண்டுபோகும், இன்னொன்று 5 ஆம்பியர் ஏ.சி.யை விளக்குக்குக் கொண்டுபோகும். இழை பல்புக்கு ஏ.சி.யா டி.சி.யா என்ற கவலை கிடையாது, சூடானால் எரியும். எல்.இ.டி.யோ ஒரு திசையில் மட்டும்தான் கரண்ட்டை விடும், எதிர்த்திசையில் வருவதைத் தடுத்து நிற்கும், அதுதான் அந்த நடுக்கம். அதோடு பழைய பல்பு நிறைய கரண்ட் இழுத்துக் காயிலின் வோல்டேஜை அடக்கி வைத்திருந்தது. எல்.இ.டி. கொஞ்சமாகத்தானே இழுக்கிறது, அப்போது ஆக்சிலேட்டரை ஏற்ற ஏற்ற வோல்டேஜ் எகிறுகிறது. மலிவு பல்பு அதைத் தாங்காது.

உங்கள் வண்டி எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள மெக்கானிக் வேண்டாம். பழைய பல்பை மாட்டியபடியே பாருங்கள். இன்ஜின் வேகத்தோடு வெளிச்சம் ஏறி இறங்கி, இன்ஜினை நிறுத்திச் சாவியை ஆன் செய்தாலும் எரியாமல் இருந்தால் அது ஏ.சி. லைன். அந்த வயரை டேப் சுற்றி ஓரமாகக் கட்டிவைத்துவிட்டு, விளக்குக்குப் பேட்டரியில் இருந்து தனி லைன் இழுக்க வேண்டும். பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃப்யூஸ், அப்புறம் சுவிட்ச், அப்புறம் விளக்கு. ஃப்யூஸை விளக்குக்குப் பக்கத்தில் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நடுவில் வயர் உரசித் தகரத்தில் பட்டால் அந்த ஃப்யூஸால் ஒரு பிரயோஜனமும் இல்லை, வயர் பற்றிக்கொள்ளும். காய்ந்த சருகு நிறைந்த தோப்பில் அது விளையாட்டு இல்லை.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆசைப்பட்டு 18 வாட் விளக்கு இரண்டு மாட்டினேன். மொத்தம் 36 வாட், 12 வோல்ட்டால் வகுத்தால் 3 ஆம்பியர். காயில் பேட்டரிக்குக் கொடுப்பதே அதிகபட்சம் 3 ஆம்பியர்! வருகிறதை எல்லாம் விளக்கே தின்றுவிட, பேட்டரிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. பத்து நாளில் செல்ஃப் எடுக்கவில்லை, பேட்டரி செத்தது. இப்போது 9 வாட் விளக்கு இரண்டுதான், தாராளமாகப் போதும். விளக்கு எரிய, இன்ஜின் முழு வேகத்தில் ஓட, பேட்டரி முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பதின்மூன்றரைக்கு மேல் காட்டினால் நிம்மதி. பன்னிரண்டரைப் பக்கம் நின்றால் உங்கள் விளக்கு பேட்டரியைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறது.

உப்புக்காற்றும் சும்மா இல்லை, அதையும் சொல்லவேண்டும். ஐ.பி. 67 என்று அட்டையில் போட்டிருப்பது விளக்குக்குள் தூசியும் தண்ணீரும் போகாது என்பதற்குத்தான், வெளியே இருக்கும் கனெக்டருக்கு அது பொறுப்பில்லை. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் செம்பு முனையெல்லாம் களிம்பு பிடித்துப் பச்சையாகிவிடும். முறுக்கி டேப் சுற்றுவதை விட்டுவிட்டு ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு, முனைகளில் வாசலைன் தடவினால் நிற்கிறது.

கடைசியாக ஒன்று, உங்கள் குறிப்பில் சுத்தமாக இல்லாதது. எங்கள் ஊரில் எல்.இ.டி. என்றால் முதலில் ஞாபகம் வருவது கடலில் விளக்கைக் காட்டி மீனைக் கூட்டும் தொழில்தான், 2017-ல் மத்திய அரசு தடை போட்டது அதற்குத்தான். வெளிச்சம் மீனை மட்டுமா இழுக்கும்? பங்குனி ஆமை என்கிற கடலாமையின் குஞ்சுகள் மண்ணுக்குள் இருந்து ராத்திரியில் வெளியே வந்ததும் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் நகரும். மனிதன் விளக்கு போடாத காலத்தில் அது கடல் பக்கமாக இருந்தது. தனுஷ்கோடி அரிச்சல்முனைப் பக்கம் வனத்துறைக்காரர்கள் முட்டைகளைத் தேடி எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் கடலில் விடுகிறார்கள், அதே மன்னார் வளைகுடாக் கரையில் நாம் வெள்ளை விளக்கைக் கடலைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தால் எப்படி? நான் 3000 கெல்வின் மஞ்சள் விளக்குதான் போட்டிருக்கிறேன், பூச்சியும் குறைவாக மொய்க்கிறது. இரண்டையும் பானெட்டுக்குக் கீழே தாழ்வாக, ஏழெட்டு அடி தூரத்தில் தரையில் விழுகிற மாதிரி சாய்த்துவைத்தேன். தாழ்வாக இருப்பதால் புல்லின் நிழல் நீளமாக விழுந்து, வெட்டியது எது, வெட்டாதது எது என்று கோடு போட்ட மாதிரி தெரிகிறது. ஆமைக் காலமான தை முதல் சித்திரை வரை கடலோர வேலிப் பக்கத்து இரண்டு வரிசைகளை ராத்திரியில் வெட்டுவதே இல்லை, ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறும் முன் முடித்துவிடுகிறேன்.

அடுத்த இணைப்பில் இடம் இருந்தால் ஏ.சி. லைன் விஷயத்தையாவது ஒரு திருத்தமாகப் போடுங்கள். உங்கள் குறிப்பை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு பக்கத்துத் தோப்புக்காரர் பல்பு வாங்கக் கிளம்பிக்கொண்டிருக்கிறார், நான் சொன்னால் நம்பமாட்டார், பேப்பரில் வந்தால் நம்புவார்.

இப்படிக்கு,
ஒரு தோப்புக்காவலன்,
புதுமடம், ராமநாதபுரம் மாவட்டம்.