பிரெஞ்சு பாஸ்போர்ட் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐரோப்பியப் பாஸ்போர்ட் கையில் இருந்தால் லண்டனில் இறங்கி மறுநாளே வேலைக்குப் போகலாம் என்று நம் ஆட்கள் இன்னமும் பேசிக்கொள்கிறார்கள். போன மாதம் பாரிஸில் ஒரு கலியாண வீட்டிலும் இதே கதைதான். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதால் அந்தக் காலம் 2020 டிசம்பர் 31ஆம் திகதி இரவோடு முடிந்துபோயிற்று.

அந்த வீட்டில்தான் அண்ணன் மகன் கேட்டான், "சித்தப்பா, நான் வந்து உங்கட கடையில நிக்கட்டா?" என்று. பிரான்சிலேயே பிறந்த பிள்ளை, தன்னை ஏன் தடுக்கப்போகிறார்கள் என்று நினைக்கிறான். ஆறு மாதம் வரை சுற்றிப்பார்க்க வரலாம், அதற்கும் இப்போது முன்கூட்டியே ஈடிஏ என்ற ஆன்லைன் பயண அனுமதி எடுக்க வேண்டும். ஆனால் கவுண்டரில் நிற்க முடியாது, சம்பளம் வாங்காமல் நின்றாலும் அது வேலைதான். வேலை விசா என்றால் ஸ்பொன்சர் உரிமம், அதாவது வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க அரசு தரும் உரிமம், உள்ள முதலாளி வேண்டும், 2025 ஜூலையிலிருந்து பொதுவான சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்ட், கடை வேலையோ விசா கிடைக்கும் வேலைகளின் பட்டியலிலேயே இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து விண்ணப்பிப்பவருக்கும் இவனுக்கும் ஒரே வரிசை. டப்ளினுக்குப் போ, அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருப்பதால் உன் பாஸ்போர்ட்டே அங்கே போதும் என்றேன். அவனுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

சரி, பழைய ஆட்களாவது நிம்மதியாக இருக்கிறோமா? நான் 2009இல் ஹரோவுக்குக் குடிவந்தவன், 2019இல் செட்டில்ட் ஸ்டேட்டஸ், அதாவது ஏற்கெனவே இங்கே வாழும் ஐரோப்பியருக்கான நிரந்தர வதிவிட உரிமை, எடுத்தேன். அப்போது அதற்கு விண்ணப்பிக்கும் ஆப் ஐபோனில் வேலை செய்யாததால் மகளின் சாம்சங்கை வாங்கித்தான் பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்தேன். கையில் ஓர் அட்டைகூடத் தரவில்லை, ஓர் ஈமெயில் வந்தது, அவ்வளவுதான். பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தேன், புது நம்பரை அந்த ஸ்டேட்டஸ் பதிவாகியிருக்கும் ஆன்லைன் கணக்கில் ஏற்ற வேண்டும் என்பது மண்டையில் ஏறவே இல்லை. கலியாணம் முடிந்து திரும்பும்போது விமான நிலையக் கவுண்டரில் இருந்த பிள்ளை பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "உங்கள் பெயரில் ஒன்றும் காட்டவில்லையே, ஈடிஏ எடுத்தீர்களா?" என்று கேட்டாள். பதினாறு வருடம் வரி கட்டுகிற ஊருக்குச் சுற்றுலா அனுமதியா! பின்னால் வரிசை நீள்கிறது, மனைவி என்னை முறைக்கிறா, நான் போனில் சாகக் கிடந்த பற்றரியோடு என் உரிமையை மற்றவர் ஆன்லைனில் சரிபார்க்க உதவும் ஷெயார் கோட் எடுத்துக் காட்டி, அவள் யாருக்கோ போன் போட்டுக் கேட்டு, கடைசி ஆளாக ஏறினோம். பிழை என்னுடையதுதான், ஆனால் இப்படி எத்தனை பேர் இருக்கிறார்களோ.

இன்னொன்று. ப்ரீ-செட்டில்டில், அதாவது நிரந்தரமாகாத தற்காலிக உரிமையில், இருக்கும் இளம் தம்பதிகள் கவனியுங்கள். இங்கே பிறப்பதால் மட்டும் பிள்ளை பிரித்தானியப் பிரஜை ஆகிவிடாது, பிறக்கும்போது தாயோ தகப்பனோ பிரித்தானியப் பிரஜையாக அல்லது செட்டில்ட் ஆக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 90 நாளுக்குள் பிள்ளைக்குத் தனியாக விண்ணப்பம் போட வேண்டும். தொட்டில், பெயர் வைப்பு, 31ஆம் நாள் சடங்கு என்று ஓடுகிற ஓட்டத்தில் அந்த மூன்று மாதம் போவதே தெரியாது.

உங்கள் பத்திரிகையில் ராசிபலனுக்கு ஒரு முழுப் பக்கம் போகிறது. அதில் கால் பக்கம் ஒதுக்கி இந்த விபரங்களைத் தமிழில் போட்டால் என்ன?

இப்படிக்கு,
ஹரோ வாசகர் ஒருவர்