லினக்ஸ் நிறுவும்போதே டிஸ்க்கைப் பூட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம், கிளினிக், கூட்டுறவு சங்கம், ஆடிட்டர் ஆபீஸ் என்று எங்கள் பக்கத்தில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்ட கணினிகள் கூடிக்கொண்டே வருகின்றன. லைசென்ஸ் செலவு இல்லை, வைரஸ் தொல்லையும் குறைவு. நானே பலருக்குப் போட்டுக் கொடுக்கிறேன். ஆனால், "லினக்ஸ் போட்டாச்சு, பாஸ்வேர்டும் வச்சாச்சு, இனி யாரும் தொட முடியாது" என்று பொறுப்பில் இருப்பவர்களே நம்புவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

"சார், பாஸ்வேர்டு மறந்துபோச்சு, டேட்டா போகாம எடுத்துக் கொடுங்க" என்று கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நான் செய்வது இவ்வளவுதான். கணினியை ஆன் செய்ததும் லினக்ஸைத் தொடங்கிவைக்கும் 'கிரப்' என்ற சிறு புரோகிராமின் மெனுவை நிறுத்தி, ஒரு வரியின் கடைசியில் சில எழுத்துகளைச் சேர்க்கிறேன். உடனே கறுப்புத் திரையில் எல்லா அதிகாரமும் உள்ள 'ரூட்' பயனருக்கான '#' குறி வந்து நிற்கும். பழைய பாஸ்வேர்டை அது கேட்பதில்லை. ஓரிரு கட்டளையில் புது பாஸ்வேர்டு வைத்து, ரீஸ்டார்ட் செய்து கொடுத்துவிடுவேன். வந்தவர் நின்றபடியே வாங்கிக்கொண்டு போகலாம்.

இது மென்பொருளில் உள்ள ஓட்டை இல்லை. பழுது பார்ப்பதற்கென்று, லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் காலத்திலிருந்தே தெரிந்தே விட்டிருக்கும் வழி. அந்தக் காலத்து யூனிக்ஸ் இயந்திரம் தனி அறையில் இருக்கும். அறைக்குள் வந்தவர் அதற்கு உரியவர் என்றே கொண்டார்கள். அதாவது, அறைக் கதவின் பூட்டும் பாதுகாப்பில் பாதி. இன்று அதே வம்சத்து இயந்திரம் ரிசப்ஷன் மேசைக்குக் கீழே, வருகிறவர் கால்படும் இடத்தில் கிடக்கிறது.

கிரப்புக்கும் பாஸ்வேர்டு வைக்கலாம், கட்டாயம் வைக்க வேண்டும். ஆனால் அதோடு நிறுத்தினால் போதாது. பென் டிரைவில் இன்னொரு லினக்ஸைக் கொண்டுவந்து அதிலிருந்து கணினியைத் தொடங்கினால் (பூட் செய்தால்) டிஸ்க்கில் உள்ளது முழுக்கத் தெரியும். அதைத் தடுக்க, கணினி போர்டிலேயே இருக்கும் ஆரம்ப புரோகிராமான பயாஸில் பாஸ்வேர்டு வைத்தால், பல டெஸ்க்டாப் போர்டுகளில் கேபினெட்டைக் கழற்றி பேட்டரியையோ ஜம்பரையோ எடுத்துப் போட்டாலே அது அழிந்துவிடும். அதுவும் வேண்டாம் என்றால் டிஸ்க்கையே கழற்றி வேறு கணினியில் மாட்டலாம். 2015-இல் ஸ்பெயினின் வலென்சியா பாலிடெக்னிக் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இருவர், கிரப் பயனர் பெயர் கேட்கும் இடத்தில் பேக்ஸ்பேஸை 28 முறை தட்டினாலே பாஸ்வேர்டைத் தாண்டிவிடலாம் என்று காட்டினார்கள். அந்தப் பிழையைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனாலும் ஒற்றைப் பூட்டை நம்பி நோயாளிகளின் ரிப்போர்ட்டையும் மாணவர்களின் ஆதார் நகலையும் வைக்கலாமா?

கணினியே களவு போனாலும் உள்ளே இருப்பதைக் காப்பது டிஸ்க் என்கிரிப்ஷன், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி டிஸ்க்கில் உள்ளதைக் குறியீடாக மாற்றி வைப்பது. லினக்ஸில் அதற்கு லக்ஸ் (LUKS) என்ற வசதி இருக்கிறது. உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளை நிறுவும்போதே அதைத் தேர்ந்தெடுக்க வழி இருக்கும். அப்போது விட்டுவிட்டால், பிறகு பெரும்பாலும் எல்லாவற்றையும் பேக்கப் எடுத்துவிட்டு முதலிலிருந்து நிறுவ வேண்டியதுதான். நடைமுறையில் அப்புறம் யாரும் செய்வதில்லை.

"அந்த பாஸ்வேர்டும் மறந்துட்டா?" என்பார்கள். நியாயமான பயம். மறந்தால் என்னாலும் திறக்க முடியாது. அதற்குத்தான் லக்ஸில் ஒன்றுக்கு மேற்பட்ட சாவிகள், அதாவது பாஸ்வேர்டுகள், வைக்க இடம் இருக்கிறது. இரண்டாவது சாவியை எழுதி, உறையில் இட்டு, அரக்கு முத்திரை வைத்து அலுவலக பீரோவில் வையுங்கள். சாவி விவரங்கள் இருக்கும் டிஸ்க்கின் தொடக்கப் பகுதியான லக்ஸ் ஹெடரையும் தனியாக ஒரு பேக்கப் எடுத்து வையுங்கள். சர்வருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ராத்திரி கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் இறங்கி, திரும்ப ஆன் ஆகும்போது பாஸ்வேர்டு அடிக்க ஆள் இருக்காது. பூட் ஆகும் நிலையிலேயே வெளியிலிருந்து, நெட்வொர்க் வழியே பாதுகாப்பாக இணையும் எஸ்எஸ்எச் (SSH) மூலமாக பாஸ்வேர்டு கொடுக்கும்படி அமைக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் டிஸ்க் திறந்தேதான் இருக்கும் என்பதால், என்கிரிப்ஷன் போட்டாலும் திரையைப் பூட்டாமல் எழுந்து போகக் கூடாது.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. பிறர் கணினியை அனுமதியில்லாமல், கெட்ட நோக்கத்தோடு திறப்பவருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆவது பிரிவில் மூன்றாண்டு வரை சிறை. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கும் இது தெரிய வேண்டும். ஒருமுறை ஓர் இளைஞர் லேப்டாப் கொண்டுவந்தார். சார்ஜர் இல்லை. அடியில் ஏதோ ஒரு பள்ளியின் ஸ்டிக்கர் பாதி சுரண்டிய நிலையில் இருந்தது. பில் எங்கே தம்பி என்று கேட்டேன். எடுத்து வருகிறேன் என்று போனவர் வரவேயில்லை. வேறு கடையில் திறந்து கொடுத்திருப்பார்களோ என்ற கவலை எனக்கு இன்னும் போகவில்லை.

பள்ளிகளும் அரசு அலுவலகங்களும் கணினி வாங்க டெண்டர் விடும்போது, டிஸ்க் என்கிரிப்ஷன், கிரப் பாஸ்வேர்டு, கேபினெட் பூட்டு மூன்றும் செய்து, சாவியை அலுவலகத் தலைவரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைத்தால்தான் பில் பாஸாகும் என்று நிபந்தனை சேர்க்க வேண்டும். பில்லோ அலுவலகக் கடிதமோ, கொண்டுவருபவரின் அடையாள அட்டையோ பார்க்காமல் பாஸ்வேர்டு மாற்றித் தருவதில்லை என்று சர்வீஸ் கடைக்காரர்களும் கடை வாசலிலேயே எழுதிப் போட வேண்டும்.

இப்படிக்கு,
கணினி சர்வீஸ் கடைக்காரர் ஒருவர்,
கும்பகோணம்.