டிசம்பரில் வரும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

மாப்பிள்ளை அனுப்பிய மூன்று முகாம்களின் படங்களையும் நானும் உன் அம்மாவும் பார்த்தோம். பிள்ளைகளோடு இரண்டு இரவு மலையில் கூடாரத்தில் தங்கலாமா என்று நீ கேட்டதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மூணாற்றுக்குப் பக்கத்தில் மறையூரில் நம் வீடு இருக்கும்போது முகாம் எதற்கு என்று அப்பா வருத்தப்படுவாரோ என்றும் எழுதியிருக்கிறாய். துளியும் வருத்தம் இல்லை. வீட்டுக்கு வந்தால் நீ அடுப்படியில், மாப்பிள்ளை திண்ணையில் போனோடு, பிள்ளைகள் டிவி முன்னால் என்று ஆளுக்கொரு மூலை பிடித்துக்கொள்கிறோம். துபாய்க்குத் திரும்பும் நாளில்தான் எல்லோரும் ஒன்றாக உட்காருகிறோம். அதனால் நாங்களும் முகாமுக்கு வருகிறோம். எங்களுக்கும் சேர்த்தே இடம் சொல்லிவிடு.

இடத்தை மட்டும் நான் சொல்கிறபடி தேர்ந்தெடு. சந்தனக்காட்டில் வாட்சராக இரவுக் காவல் பார்த்தே எனக்குத் தலை நரைத்தது. இந்த மலைகளின் இரவைப் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

சூரியநெல்லிப் பக்கத்து முகாம் வேண்டாம். பள்ளத்தாக்கின் விளிம்பில் கூடாரம், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சின்னக்கானல், ஆனையிறங்கல் சுற்றுவட்டாரம் முழுவதும் யானை நடமாடுகிற இடம். அரிசிக்காக ரேஷன் கடையையும் வீடுகளையும் உடைத்த அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரலில் அங்கேதான் மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அடுத்த மாதமே அது தமிழ்நாட்டுக் கம்பம் நகரத்தின் தெருக்களில் நடந்தது. ஜூனில் தமிழ்நாட்டு வனத்துறை மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனது. ஒரு கொம்பன் போனதால் மற்ற யானைகள் தங்கள் வழியை மறந்துவிடுமா? 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில், கூடாரத்தில் தங்கப்போன ஓர் இளம்பெண்ணை யானை கொன்றது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. யானை போகிற தடத்தில் துணியைக் கட்டி அதற்குள் விருந்தாளியைப் படுக்கவைப்பதை என்னால் மன்னிக்க முடியாது.

வட்டவடை நல்ல இடம். ஆனால் டிசம்பர் கடைசியில் அந்தக் குளிரைச் சின்னவள் தாங்கமாட்டாள். மூணாற்றைச் சுற்றிப் புல்வெளியெல்லாம் உறைபனியால் வெளுத்துக் கிடக்கும் மாதம் அது. நீலக்குறிஞ்சி 2018இல் பூத்தது, இனி 2030இல் பூக்கும். அந்தப் பூவுக்கான குறிஞ்சிமலைச் சரணாலயம் வட்டவடையிலும் கொட்டாக்கம்பூரிலும்தான் இருக்கிறது. வட்டவடையை அந்த வருடத்துக்கு வைத்துக்கொள்வோம்.

காந்தல்லூர் முகாமே சரி. பழத்தோட்டத்துக்குள் இருக்கிறது, ஊர் கூப்பிடு தூரம். அங்கேயும் இப்போதெல்லாம் யானை வருகிறது, காட்டெருமை சொல்லவே வேண்டாம். ஆகவே பணம் கட்டுவதற்கு முன் சிலவற்றைக் கேட்டுக்கொள். சோலார் வேலி நான்கு பக்கமும் இருக்கிறதா? இரவில் ஓர் ஆள் அங்கேயே தங்குகிறாரா? கழிப்பறை வேலிக்கு உள்ளேயா, வெளியேயா? இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். நள்ளிரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் நடக்கப்போவது நீதான்.

போன ஆகஸ்டில் வரவா என்று கேட்டபோது நான் மறுத்ததன் காரணம் உனக்குத் தெரியும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மண் சரிந்து, லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தூங்கிக்கொண்டிருந்த 70 பேரைக் கொண்டுபோனது. பெரும்பாலும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். மழைக்காலத்தில் மலைச்சரிவில் நீங்கள் தங்குவதற்கு என் மனம் ஒருநாளும் சம்மதிக்காது. டிசம்பரில் அந்தப் பயம் குறைவு. இருந்தாலும் ஓடைப் பள்ளத்தில் கூடாரம் வேண்டாம், பட்ட கிளைக்குக் கீழேயும் வேண்டாம். மேடாக, காற்று நேராக அடிக்காத இடமாகக் கேள். நான் முதல் நாளே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிடுகிறேன்.

குளிர் தரையிலிருந்துதான் ஏறும். இரண்டு கம்பளி இருந்தால் ஒன்றைக் கீழே விரிக்க வேண்டும். கூடாரத்தின் காற்றுத் துவாரத்தை மூடிவிட்டால் நம் மூச்சே உள்பக்கத் துணியில் நீராகப் படிந்து சொட்டும். குளிருகிறதே என்று கரிச்சட்டியை உள்ளே வைக்கும் பழக்கம் சில முகாம்களில் இருக்கிறது. யார் சொன்னாலும் அதற்குச் சம்மதிக்காதே. அணைந்ததுபோல் தெரியும் கனலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்குகிறவர் எழுந்திருக்கமாட்டார். மாப்பிள்ளையிடமும் இதைச் சொல்லிவை.

வாழைப்பழம், வெல்லம், உப்பு எதுவும் நாம் படுக்கிற கூடாரத்தில் இருக்கக்கூடாது. எல்லாம் சமையல் கொட்டகையில்தான். இரவுச் சாப்பாடு அம்மாவின் பொறுப்பு. காந்தல்லூர்ப் பூண்டை உரிக்காமல் தட்டிப்போட்டு ரசம் வைக்கப்போகிறாளாம்.

கொச்சி வழியாக வராதே. கோயம்புத்தூரில் இறங்கி, பொள்ளாச்சி, உடுமலை வழியாக வா. ஒன்பதாறு செக்போஸ்ட்டையும் சின்னாற்றையும் வெளிச்சம் இருக்கும்போதே தாண்டிவிட வேண்டும். சாலையோரத்தில் கார் நிறுத்திச் சாப்பிடக்கூடாது, பிள்ளைகள் ஜன்னல் வழியே பிஸ்கட் உறையைப் போடக்கூடாது. ஆற்றங்கரை மரங்களில் நரைத்த ரோமத்தோடு பெரிய மலை அணில் தாவும். அதைப் பார்க்கச் சொல். கேரளத்து ஆறுகளில் கபினி, பவானி, பாம்பாறு மூன்று மட்டுமே கிழக்கே ஓடுபவை. பாம்பாற்றுத் தண்ணீர்தான் அமராவதி அணைக்குப் போகிறது என்று பேரனுக்குச் சொன்னால், அணையைத் தாண்டி வந்தவன் உடனே புரிந்துகொள்வான்.

பகலில் எங்கே போகலாம் என்று பெரிய பட்டியல் போடாதே. ஒரு காலை கோவில்கடவுக்குப் போய் முனியறைகளை, அந்தப் பழங்காலக் கல்லறைகளை, பார்ப்போம். திரும்பும் வழியில் ஏதாவது ஒரு கரும்பு ஆலைக்கொட்டகையில் கொப்பரையில் பாகு கொதிப்பதைப் பார்த்துவிட்டுச் சூட்டோடு வெல்லம் வாங்கித் தருகிறேன். மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது இங்கே கரும்பு போடுகிறவர்கள் எவ்வளவு பெருமைப்பட்டார்கள்! அவ்வளவு போதும். மீதி நேரம் தோட்டத்திலேயே இருப்போம்.

எனக்கு வேண்டியது அந்த இரவுகள்தான். சந்தனக்காட்டுப் பரணில் உட்கார்ந்திருந்த காலத்தில், நீ சின்னப் பெண்ணாக வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பாய். இவளை ஒருநாள் அழைத்துவந்து இந்த வானத்தைக் காட்ட வேண்டும் என்று நினைப்பேன். வேலை செய்யும் இடத்துக்குக் குழந்தையை அழைத்துவர அனுமதி இல்லை. இப்போது உன்னையும் உன் பிள்ளைகளையும் சேர்த்தே உட்காரவைத்துக் காட்டலாம். நிலா இல்லாத இரவாக அமைந்தால் இன்னும் நல்லது. எட்டு மணிக்குக் கிழக்கே பார்த்தால் கார்த்திகை கொத்தாகத் தெரியும். அதற்குக் கீழே செம்மஞ்சளாக ரோகிணி, இன்னும் கீழே திருவாதிரை. சின்னவளின் நட்சத்திரம் ரோகிணி. கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொல்லும்போது மட்டும் கேட்டிருக்கிறாள். அதுதான் உன் நட்சத்திரம் என்று விரலால் காட்டப்போகிறேன்.

முகாமில் ஸ்பீக்கர் போட்டு ஆட்டம் பாட்டம் உண்டா என்று கேள். உண்டு என்றால், நம் இரண்டு இரவும் அது வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடு. அதற்காகக் கூடுதல் பணம் கேட்டால் நான் தருகிறேன்.

டிக்கெட் எடுத்ததும் தேதியைச் சொல். பேரனின் காலணி அளவையும் அனுப்பு. உடுமலையில் கம்பளிக் காலுறை வாங்கிவைக்க வேண்டும் என்று அம்மா கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா