இன்ஜினை இறக்குவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் துணி பிடித்துப் பாருங்கள்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டார லாரி உரிமையாளர் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

ஒற்றை வண்டிக்காரன் எழுதுகிறேன். 2018 மாடல், 12 சக்கரம், பி.எஸ். 4 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி. இங்கிருந்து ஜவ்வரிசி ஏற்றி நாக்பூர் போவேன். திரும்பும்போது நம் கோழிப்பண்ணைகளுக்கு சோயா புண்ணாக்கு. சில நடை நானே ஓட்டுவேன், மற்ற நடைக்கு டிரைவர்.

போன வருடம் வண்டி ஆயில் குடிக்க ஆரம்பித்தது. போக வர 2,600 கிலோமீட்டருக்கு நாலு லிட்டர் ஊற்ற வேண்டியிருந்தது. எரிகிற டீசலில் அரை சதவீதத்துக்கு மேல் ஆயில் போனால் கவனிக்க வேண்டும் என்பது நம்மில் பலரும் வைத்திருக்கும் கணக்கு. என் வண்டிக்கு ஒரு நடைக்கு 650 லிட்டர் டீசல். அப்படியானால் மூணேகால் லிட்டர் வரை பொறுக்கலாம். நான் அதைத் தாண்டிவிட்டேன். ஆகவே பட்டறைக்குப் போனதில் தப்பில்லை. போன இடத்தில் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். அந்தத் துளையின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிடம் நின்றார். "பேக் கம்ப்ரஷன் அடிக்குது, ரிங் போச்சு, இறக்கிடலாம்" என்றார். பிஸ்டன் ரிங் தேய்ந்து, சிலிண்டர் காற்று அதைத் தாண்டிக் கீழே வருகிறது என்று அர்த்தம். சோதனை அவ்வளவுதான். "புகை நீலமா வரலையே அண்ணே" என்று கேட்டேன். டர்போ வண்டியில் அதெல்லாம் தெரியாது என்று முடித்துவிட்டார். ஆறு லைனர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் குழாய்), ஆறு பிஸ்டன், ரிங் செட், பேரிங், பேக்கிங், லேத் கூலி எல்லாம் சேர்த்து 1,85,000 ரூபாய். வண்டி 19 நாள் நின்றது. ஒரு தவணையும் தவறியது.

வேலை முடிந்து முதல் நடை போய் வந்தேன். அதே நாலு லிட்டர்.

ரிங் செட் ஆகணும், ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடட்டும் என்றார்கள். புது ரிங்கும் லைனரும் ஒன்றோடு ஒன்று பழகும்வரை கொஞ்சம் ஆயில் போவது உண்மைதான், அதனால் நம்பினேன். பத்தாயிரம் ஓடியும் ஆயில் அளவு பார்க்கும் கேஜ் கம்பியில் அதே இறக்கம்தான். அப்புறம் மெக்கானிக் ஃபோன் எடுப்பது குறைந்துவிட்டது.

பதில் கிடைத்தது நாக்பூர் வழியில் ஆதிலாபாத் தாண்டி, சாலையோரத்து ஒரு சின்ன ஷெட்டில். பிரேக் சரியாக ரிலீஸ் ஆகவில்லை என்றுதான் அங்கே நிறுத்தினேன். அந்தப் பெரியவர் வண்டிக்கு அடியில் படுத்தவர், பிரேக்கை விட்டுவிட்டு, பிரேக் காற்றின் ஈரத்தை எடுக்கும் ஏர் டிரையர் பக்கம் தலையைத் திருப்பினார். டிரையர் காற்றைக் கக்கும் இடத்தில் சேஸ் முழுக்கத் தார் பூசியதுபோல இருந்தது. விரலால் வழித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். எனக்கு இந்தி அரைகுறை. அதற்கு இந்தி தேவையும் படவில்லை.

பிரேக்குக்குக் காற்று அடைக்கும் ஏர் கம்ப்ரஸரிலிருந்து வரும் பைப்பைக் கழற்றினார். என் பழைய வேட்டியில் ஒரு துண்டைக் கிழித்து அந்த வாயில் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னார். இரண்டே நிமிடத்தில் துணி நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பாக நனைந்துவிட்டது. கம்ப்ரஸருக்கு ஆயில் இன்ஜினிலிருந்துதான் போகிறது. அதன் ரிங் தேய்ந்தால் அந்த ஆயில் காற்றோடு டேங்குக்கும் டிரையருக்கும் போய், பொசுக் பொசுக்கென்று ரோட்டில் விழுகிறது. சிலிண்டரில் எரியாத ஆயில் எப்படி நீலப் புகையாக வரும்? டிரையர் இல்லாத காலத்தில் கிளீனர் காலையில் ஏர் டேங்கைத் திறந்துவிடுவான், ஆயில் வந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இப்போது யாரும் திறப்பதில்லை. நானும் திறக்கவில்லை.

ஊருக்கு வந்து கம்ப்ரஸர் வேலை பார்த்தேன். 9,000 ரூபாய். இப்போது ஒரு நடைக்கு ஒரு லிட்டருக்கும் குறைவு.

அந்த மெக்கானிக்கைத் திருடர் என்று நான் சொல்லவில்லை. அவர் சொன்னதை அவரே நம்பியிருக்கலாம். ஆனால் இன்ஜின் இறக்கினால் பட்டறைக்கும், லேத்துக்கும், ஸ்பேர்ஸ் கடைக்கும், சில நேரம் நம் டிரைவருக்கும்கூடப் பங்கு உண்டு. கம்ப்ரஸருக்குப் போடும் சின்ன ஸ்பேர்ஸ் கிட்டில் யாருக்கு என்ன கிடைக்கும்? அளந்து பார்க்காதபோது கை தானாகப் பெரிய வேலை பக்கம்தான் சாய்கிறது. என் பக்கமும் தப்பு இருக்கிறது. பில் போட்டால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்றதும், வேண்டாம் என்றவன் நான்தான். எழுத்தில் எதுவும் இல்லாததால் வாக்குவாதத்தில் என் வாய் தானாக மூடிக்கொண்டது.

புது வண்டி வைத்திருப்பவர்கள் இதை அடுத்த வீட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் நிஜமாகவே சிலிண்டரில் ஆயில் எரிந்தால், அதன் சாம்பல் சைலன்சரில் உள்ள ஃபில்டரில் போய் அடைக்கும். கரி எரிந்து போகும், சாம்பல் போகாது. போதாததற்கு, சில வண்டிகளில் ஃபில்டரைச் சுத்தம் செய்யத் தெளிக்கும் டீசல் கொஞ்சம் ஆயில் சட்டியில் இறங்கிவிடும். கம்பியில் அளவு குறையவே இல்லை என்று நிம்மதியாக இருப்போம், உள்ளே ஆயில் நீர்த்துக்கொண்டிருக்கும்.

சங்கத்திடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. "நல்ல பட்டறை எது?" என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறோம். மச்சான் பட்டறை, ஊர்க்காரர் பட்டறை. எனக்குப் பெயர் வேண்டாம், கிலோமீட்டர் வேண்டும். சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டுப் போடுங்கள். எந்த வண்டி, எந்தப் பட்டறை, இறக்குவதற்கு முன்னால் என்ன அளந்தார்கள், வேலைக்குப் பிறகு ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில், மறுபடி எத்தனை கிலோமீட்டரில் வந்தது. இவ்வளவுதான். இரண்டு வருடம் எழுதினால் நல்ல பட்டறைகள் தாமாகத் தெரிந்துவிடும். சத்தமில்லாமல் ஒழுங்காக வேலை பார்க்கும் மெக்கானிக்குகளுக்கும் அதுதான் லாபம்.

பட்டறைகளோடு பேசும்போது ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இன்ஜினில் கை வைப்பதற்கு முன் ஆறு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் கேஜ் போட்டுத் தாளில் எழுதித் தர வேண்டும். அதோடு கம்ப்ரஸர் பைப், டர்போவின் இரண்டு பக்கம், ரேடியேட்டர் தண்ணீரில் ஆயில் படலம், கிராங்க் ஆயில் சீல் எல்லாம் பார்த்தாயிற்று என்று கையெழுத்து. அரை நாள் வேலை. அதற்குக் கூலி கேட்டால் கொடுப்போம், 2,000 ஆனாலும் கொடுப்போம். கழற்றிய பழைய சாமான் உரிமையாளருக்கு. காயலான் கடைக்குப் போகும் விலைக்காக இதைச் சொல்லவில்லை.

ஏன் சொல்கிறேன் என்றால், என் பழைய லைனர் ஆறையும் அன்றைக்கே சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். போன மாதம் வேறொரு லேத்துக்குத் தூக்கிப் போய் உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் விட்டுப் பார்க்கச் சொன்னேன். ஆறிலும் தேய்மானம் மாற்ற வேண்டிய அளவை எட்டவில்லை. கம்பெனியில் குறுக்கும் மறுக்குமாகப் போட்ட கோடுகள்கூட உள்சுவரில் அழியாமல் இருக்கின்றன. டார்ச் அடித்தால் யாருக்கும் தெரியும். அடுத்த கூட்டத்துக்கு அந்தச் சாக்கோடு வருகிறேன். கேஜ் இருப்பவர்கள் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
ராசிபுரம் பக்கத்து ஒற்றை வண்டிக்காரன்