கூகையின் பொந்தை அடைத்துவிடாதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. அம்மாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, எழுந்து உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுகிறார் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இரண்டு வாரமாகத் தூக்கமில்லை என்கிறாய். இனியாவது பகலில் கொஞ்சம் கண்ணயர்ந்துகொள். நீயும் படுத்துவிட்டால் அவரை யார் பார்ப்பது?

கடைசிப் பத்தியைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். பரணில் கூகை அடைந்திருக்கிறது, ராத்திரியில் அலறிச் சாவை அழைக்கிறது என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்துப் பொந்தை அடைக்கப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு.

அந்த அலறல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் கடைசி வாரத்தில் தினமும் கேட்டேன். முரட்டுத் துணியை ஒரே இழுப்பில் கிழிப்பது போல இருக்கும். அப்பா போன பிறகு அந்தப் பறவை மேல் எனக்கு வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல. அப்புறம் இரவு வேலைக்குப் போக ஆரம்பித்தேன். வீடு திரும்பும் நேரங்களில் அதே குரல், மாதக்கணக்கில். வீட்டில் யாருக்கும் ஒரு தலைவலிகூட வரவில்லை. அது எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது. அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்த அந்த வாரம்தான் நான் முதல்முறையாக ராத்திரி முழுக்க விழித்திருந்தேன்.

ஐரோப்பாவில் ஒரு வண்டுக்கும் இதே கெட்ட பெயர் உண்டு. பழைய வீடுகளின் உத்தரங்களைக் குடைந்து வாழும் வண்டு அது. துணையை அழைப்பதற்காகத் தலையால் மரத்தில் டக் டக்கென்று தட்டும். பகல் சந்தடியில் அது யார் காதிலும் விழாது. நோயாளிக்குக் காவலிருப்பவர் காதில் மட்டும் நடுநிசியில் துல்லியமாக விழும். அதனால் சாவின் கடிகாரம் என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பாவம், அது பெண் தேடிக்கொண்டிருந்தது!

கூகை விஷயத்தில் ஊருக்கு ஊர் நம்பிக்கையும் வேறு. ரோமாபுரியின் பழங்கால எழுத்தாளர் பிளினி, கூகையின் உறவான ஆந்தை ஒன்றைச் சாவுச் சகுனம் என்று எழுதினார். ஏதென்ஸ்காரர்களோ ஆந்தையை அறிவுத் தெய்வத்தின் பறவையாக்கி வெள்ளிக் காசில் பொறித்தார்கள்.

போன மாதம் ஒரு பாழடைந்த கட்டடத்தின் உத்தரத்துக்குக் கீழே கட்டைவிரல் நீளத்தில் கறுப்பு உருண்டை ஒன்று கிடைத்தது. வார்னிஷ் பூசியது போல மினுமினுத்தது. கூகை இரையை முழுதாக விழுங்கிவிட்டு, செரிக்காத மயிரையும் எலும்பையும் இப்படி உருட்டி வாய்வழியே கக்கிவிடும். வெந்நீரில் ஊறவைத்து ஊசியால் பிரித்தேன். சாம்பல் நிறப் பஞ்சுக்குள்ளிருந்து மூன்று சுண்டெலி மண்டையோடுகள் வந்தன, ஒரு கீறல்கூட இல்லாமல். முன்பற்கள் ஆரஞ்சு நிறம். அந்தப் பல்லின் எனாமலில் இரும்பு கலந்திருப்பதால் அந்த நிறமாம். மூன்றும் ஒரே இரவின் வேட்டையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் எலியை அடக்குவதற்கென்றே பெட்டி வைத்து இந்தப் பறவையைக் குடியேற்றுகிறார்கள். உன் பரணில் அது தானாகவே வந்து குடியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பின்னாளில் திமிங்கிலங்களின் பாட்டை உலகுக்குக் கேட்கவைத்த ரோஜர் பெய்ன், இளம் வயதில் கூகையைத்தான் ஆராய்ந்தார். கும்மிருட்டு அறையில் சுண்டெலியை விட்டால், சருகு சலசலக்கும் சத்தத்தை மட்டும் கேட்டே கூகை அதைப் பிடித்துவிடுகிறது. சத்தம் எழாத தரையில் எலியின் வாலில் ஒரு சருகைக் கட்டி விட்டார். கூகை பாய்ந்தது சருகின் மேல்! அதன் ஒரு காது சற்று மேலே, மற்றது சற்றுக் கீழே. ஒலி இரண்டையும் எட்டுவதில் உள்ள இம்மி வித்தியாசத்தை வைத்தே இரை எங்கே என்று கண்டுகொள்கிறது. இதய வடிவில் இருக்கிறதே அந்த வெள்ளை முகம், அது ஒலியைக் குவித்துக் காதுக்கு அனுப்பும் கிண்ணம்.

பரணில் பாம்பு சீறுவது போலவும் கேட்கிறது என்று எழுதியிருந்தாயே, அநேகமாக அது குஞ்சுகளாக இருக்கும். பசித்தால் அப்படித்தான் விடாமல் சீறும். இப்போது பொந்தை அடைத்தால் உள்ளேயே செத்துப்போகும். பிறந்து சுமார் 2 மாதத்தில் பறந்துவிடும், அதுவரையாவது விட்டுவை.

அம்மாவின் தலைமாட்டில் ஒரு நோட்டு வைத்துக்கொள். அலறல் கேட்ட ஒவ்வொரு இரவையும் குறித்துவை. மறுநாள் அம்மா எப்படி இருந்தார் என்பதையும் பக்கத்திலேயே எழுது. நல்லபடியாக விடிந்த நாட்களை மறக்காமல் எழுது, நாம் எண்ணாமல் விடுவது அவற்றைத்தான். அடுத்த மாதம் நான் வரும்போது சேர்ந்து பார்ப்போம். பரணுக்குக் கீழே கறுப்பு உருண்டை கிடந்தால் ஒரு டப்பாவில் எடுத்துவை.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்