அறை தேடுகிறவரின் சொல்லை எழுதுங்கள்

நம் தெரு விடுதிகள் சேர்ந்து நடத்தும் இணையதளத்தின் பொறுப்புக் குழுவினருக்கு,

வணக்கம். கூகுளில் அறை தேடுகிறவர் கண்ணில் படுவதற்காகத் தளத்தில் எழுதும் தேடுசொற்களைப் பற்றி ஆறு மாதமாக நேரில் சொல்லிவருகிறேன். ஒவ்வொரு முறையும் தலையசைப்போடு முடிந்துவிடுகிறது. போன செவ்வாய்க்கிழமை நடந்ததைப் பார்த்த பிறகு, எல்லோரும் படிக்கும்படி எழுதிவிடுவதுதான் சரி என்று முடிவு செய்தேன்.

அன்று காலை ஏழு மணி இருக்கும். ஒரு பெண் தன் தாயைக் கைத்தாங்கலாகப் பிடித்தபடி எங்கள் வாசலில் நின்று பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பலகையில் வங்க எழுத்தில் 'ரான்னாகோர்' என்று எழுதியிருக்கிறோமே, சமையலறை, அதைத்தான். மேற்கு வங்கத்து மால்டாவிலிருந்து இங்கே சி.எம்.சி. மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வந்தவர்கள். முந்தின இரவு ஒரு மணிக்குக் காட்பாடியில் இறங்கியிருக்கிறார்கள். தாய்க்கு டயாலிசிஸ். உப்பைக் குறைத்துத் தனியாகச் சமைத்துக் கொடுத்தால்தான் சாப்பிட முடியும். ஸ்டேஷன் வாசலில் ஒருவர் 'கிச்சன் ரூம் இருக்கிறது' என்று ஆட்டோவில் ஏற்றிப் போய், லிப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஓர் அறையைக் கொடுத்து, மூன்று நாள் வாடகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு போய்விட்டார். அறையில் அடுப்பே இல்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் அந்த அம்மா இனி முடியாது என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். அரை மணி நேரம் அங்கேயே இருந்தோம் என்று மகள் சொன்னபோது, அந்த அம்மா என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலில் வீக்கம், செருப்பின் வார் சதையில் பதிந்திருந்தது.

அதே இரவில் எங்கள் தரைத்தளத்தில் இரண்டு அறைகள் காலியாக இருந்தன. காஸ் அடுப்பு, பாத்திரம், எல்லாவற்றோடும்.

"போனில் பார்த்துவிட்டு வந்திருக்கலாமே அம்மா" என்று கேட்டேன். ரயிலிலேயே பார்த்தேன் என்று கைபேசியை நீட்டினாள். வங்க மொழியில் தேடியிருந்தாள். வேலூர், மருத்துவமனைக்குப் பக்கம், சமையலறை, கீழ்த்தளம், குறைந்த வாடகை. நம்மிடம் இத்தனையும் உண்டு. நம் தளத்தில் இவற்றுள் ஊர்ப்பெயரைத் தவிர வேறு ஒரு சொல்லும் இல்லை. அந்த ஊர்ப்பெயரும் வங்க எழுத்தில் இல்லை.

தளத்தில் இருப்பது என்ன என்று உங்களுக்குத் தெரியும். 'சொகுசு', 'உன்னத விருந்தோம்பல்', 'வேலூரின் தலைசிறந்த விடுதிகள்'. இந்தக் கடைசித் தொடர் முகப்பில் மட்டும் பதினேழு முறை வருகிறது, எண்ணிப் பார்த்தேன். பக்கத்தின் அடியில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக அதையே இன்னும் பல முறை ஒளித்துவைத்திருக்கிறார்கள். இப்படி எழுத்தை ஒளிப்பதும் ஒரே சொல்லைத் திணிப்பதும் கூகுளின் விதிகளுக்கு எதிரானவை. கூகுள் நம் தளத்தைத் தேடல் வரிசையில் கீழே தள்ளிவிடும், சில வேளைகளில் தேடலிலிருந்தே நீக்கிவிடும். சமையல் வசதி, லிப்ட், வாடகை ஆகிய மூன்றும் ஒரே படமாக ஏற்றப்பட்டிருக்கின்றன. படத்துக்குள் இருப்பதைப் பக்கத்தில் எழுதியதற்கு ஈடாக நம்பியிருக்க முடியாது. தளம் செய்துகொடுத்தவர், படிக்கிறவர் கண்ணுக்குத் தெரியாமல் தேடுபொறிக்காக மட்டும் எழுதிவைக்கும் 'மெட்டா கீவேர்ட்ஸ்' பகுதியில் இருநூறு சொற்கள் போட்டிருப்பதாகப் பெருமையாகச் சொன்னார், நாமும் பணம் கொடுத்தோம். தரவரிசைக்கு அந்தப் பகுதியைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது.

கேட்பது ஒன்றுதான். நாம் நம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் சொற்களை எடுத்துவிட்டு, அறை தேடுகிறவர்கள் கேட்கும் சொற்களை எழுதுங்கள்.

அந்தச் சொற்களைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மார்ச் மாதம் முதல், தொலைபேசியில் முதலில் என்ன கேட்கிறார்கள் என்பதை ஒரு நோட்டில் குறித்துவருகிறேன். "அறையில் சமைக்கலாமா?" "மீன் சமைக்கலாமா?" "காட்பாடியிலிருந்து ஆட்டோவுக்கு எவ்வளவு?" "நோயாளியோடு இரண்டு பேர் தங்கலாமா?" "மாத வாடகைக்குக் கிடைக்குமா?" வங்கதேசத்திலிருந்து கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது, "எங்கள் பாஸ்போர்ட்டுக்கு அறை கொடுப்பீர்களா?" வெளிநாட்டினர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும் என்பதால் பல இடங்களில் கையை விரித்துவிடுகிறார்கள். நாம் பதிகிறோம், அறை கொடுக்கிறோம். தளத்தில் அதற்கு ஒரு வரி கிடையாது. சொகுசு உண்டா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

'வேலூர் லாட்ஜ்' என்ற இரண்டு சொல்லுக்கு முன்பதிவு நிறுவனங்களோடு போட்டி போட்டு நாம் ஜெயிக்கப்போவதில்லை. 'வேலூரில் மீன் சமைக்கலாம் என்கிற கீழ்த்தள அறை' என்று தேடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அவர்கள் மூட்டை முடிச்சோடு ரயிலில் உட்கார்ந்திருப்பவர்கள். கண்ணில் பட்டால் நேராக நம்மிடம் வருவார்கள். ஒவ்வொரு தேவைக்கும் ஒரு பக்கம், அந்தத் தேவையே தலைப்பாக. கூகுளின் 'சர்ச் கன்சோல்' என்ற கருவியில் நம் தளத்தைப் பதிந்துவிட்டால் எந்தெந்தச் சொல்லுக்கு நம் தளம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று கட்டணமில்லாமல் பார்க்கலாம். அதையும் இன்னும் செய்யவில்லை.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து முன்பின் விழுந்தால் தேடுபொறி பெரும்பாலும் தானே திருத்திக்கொள்ளும். வேறு எழுத்தில் தேடுகிறவருக்கு அந்த எழுத்தில் ஒரு பக்கம் வேண்டும். வங்க எழுத்தில் நம் ஊர்ப்பெயர் 'வ'வில் தொடங்குவதில்லை; 'பேலோர்' என்பதுபோல எழுதுகிறார்கள். காட்பாடி என்ற பெயரும் அவர்களுக்குப் பழக்கம், ரயில் டிக்கெட்டில் இருப்பது அதுதான். 2022-இல் மருத்துவமனையின் ராணிப்பேட்டை வளாகம் திறந்த பிறகு, மருத்துவரைப் பார்க்க எந்த வளாகத்துக்குச் சீட்டு என்று தெரியாமல் நகரத்துக்குள் அறை எடுத்துவிட்டுத் தவிக்கிறவர்களை வாரம்தோறும் பார்க்கிறேன். இரண்டு வளாகத்துக்கும் தூரத்தைப் போட்டு ஒரு பக்கம் எழுதினால் எத்தனை அலைச்சல் குறையும்! மருத்துவமனையின் பெயரைப் போட்டு, நாம் அதன் சொந்த விடுதி என்ற தோற்றம் மட்டும் வந்துவிடக் கூடாது. எத்தனை நிமிட நடை என்று உண்மையை எழுதினால் போதும்.

ஒரு பக்கம் ஸ்டேஷன் தரகர், இன்னொரு பக்கம் கமிஷன் பிடிக்கும் முன்பதிவு நிறுவனம். இரண்டும் போக மிஞ்சுவது நமக்கு. நோயாளி கொடுக்கும் வாடகையில் ஒரு பங்கு, வழி காட்டியதற்கு என்று வேறு யாருக்கோ போகிறது. கோட்டையையும் வைத்தியத்தையும் நம்பி உலகம் வரும் ஊர் இது. இங்கே வந்திறங்குகிறவர் முதல் இரவிலேயே ஏமாந்தால், அவர் ஊருக்குத் திரும்பிப் போய் தரகரின் பெயரைச் சொல்ல மாட்டார், வேலூரின் பெயரைத்தான் சொல்வார். இதைச் சொல்லும்போது குரல் உயர்ந்துவிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாவும் மகளும் இப்போது எங்கள் கீழ்த்தள அறையில்தான் இருக்கிறார்கள். மூன்று நாள் முன்பணம் திரும்பக் கிடைக்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்குள் முகப்புப் பக்கத்தையாவது மாற்றிக் கொடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஒளித்த எழுத்தை நீக்குங்கள். படத்தில் இருப்பதை எழுத்தாகப் போடுங்கள். தேடுகிறவரின் சொல்லை எழுதுங்கள். வங்க மொழிப் பக்கத்தை, தயவுசெய்து, அந்த மொழி பேசுகிறவர் ஒருவரிடம் காட்டிவிட்டு ஏற்றுங்கள். மாதக்கணக்கில் தங்கியிருப்பவர்களில் மனமுவந்து படித்துக் கொடுக்க ஆள் உண்டு. என் நோட்டு மேசையின் இடது இழுப்பறையில் இருக்கிறது. இரவுப் பணி எனக்குத்தான், எப்போது வந்தாலும் எடுத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
வரவேற்பு மேசையில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கும் ஊழியன்
வேலூர்